கூடுவாஞ்சேரியிலிருந்து ‘செத்த காலேஜ்’ வரை: 600 ரூபாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

வாசகர் கடிதம்: “நாங்கள் கூடுவாஞ்சேரியில், ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர், நான், மாமியார் (வயது 68, முழங்கால் வலி), ஐந்தாம் வகுப்புப் பெண், ஒன்றாம் வகுப்புப் பையன். போன மாதம் ஒரு மாலுக்குப் போய் மூவாயிரத்துக்கு மேல் செலவாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ‘வேற எங்கயும் போகலயா?’ என்று பிள்ளைகள் கேட்டார்கள். இந்த முறை ரயிலில் எழும்பூர் மியூசியம் போகலாம் என்று நினைக்கிறோம். கையில் 600 ரூபாய்தான் ஒதுக்க முடியும். வீட்டுக்காரருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு, அவரிடம் கிண்டி வரை சீசன் டிக்கெட் இருக்கிறது. பள்ளியில் ஒருமுறை அழைத்துப் போனபோது ‘ரொம்ப போர்’ என்று பெண் சொல்லிவிட்டாள். மாமியாரோ, ‘செத்த காலேஜுக்கா காசு குடுத்துப் போறீங்க?’ என்கிறார். போகலாமா, வேண்டாமா? போனால் எப்படிப் போவது?”

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போகலாம். 600 ரூபாய் போதும், கொஞ்சம் மிச்சமும் ஆகும். பள்ளிக் குழுக்களையும் குடும்பங்களையும் இந்த மியூசியத்துக்குள் அழைத்துச் சென்று காட்டுவதே பல ஆண்டுகளாக என் தொழில். அந்த அனுபவத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பெண்ணுக்குப் போரடித்ததற்குக் காரணம் மியூசியம் இல்லை, அங்கே 46 காட்சிக்கூடங்களையும் ஒரே மூச்சில் நடந்து முடிக்க வைத்ததுதான். வரிசை கலையாமல் நட, தொடாதே, பேசாதே, அடுத்த கூடம் என்று போனால் பெரியவர்களுக்கே கால் கடுக்கும், தலை சுற்றும். நீங்கள் ஐந்து பொருட்களை மட்டும் பாருங்கள். அந்த ஐந்தையும் நின்று, உட்கார்ந்து, பேசிப் பாருங்கள். மற்றவை வழியில் கண்ணில் படும், படட்டும்.

முதலில் உங்கள் அத்தை சொன்ன ‘செத்த காலேஜ்’ விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது அந்தப் பேர் தெரிந்தவர்களே குறைந்துவிட்டார்கள். 1851-ல் இந்த மியூசியம் தொடங்கியபோது கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில்தான் இருந்தது. இப்போதிருக்கும் பாந்தியன் சாலை இடத்துக்கு 1854-ல் மாறியது. காலேஜில் பிறந்ததால் மக்கள் வாயில் அது காலேஜாகவே நின்றுவிட்டது. பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் உயிருள்ள மிருகங்களையும் சேர்க்க ஆரம்பித்து, 1855-ல் இதே வளாகத்தில் ஒரு மிருகக்காட்சி சாலையே உருவானது. அது ‘உயிர் காலேஜ்’ ஆயிற்று. பாடம் செய்த மிருகங்களும் எலும்புக்கூடுகளும் இருந்த பக்கம் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. உயிர் காலேஜ் பிறகு சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அங்கேயும் இடம் போதாமல் 1985-ல் வண்டலூருக்கு வந்துவிட்டது.

வண்டலூர்! உங்கள் ஊரிலிருந்து ரயிலேறிய சில நிமிடங்களில் வரும் ஸ்டேஷன். ஆக, உங்கள் பயணம் உயிர் காலேஜைக் கடந்து செத்த காலேஜுக்குப் போகிறது. ரயில் வண்டலூரில் நிற்கும்போது இந்தக் கதையை அத்தையே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அவருக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து நாள் தொடங்கினால், வேண்டாவெறுப்பாகக் கூட வருபவராக அவர் இருக்க மாட்டார்.

இனி ரயில். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் வார நாள் அளவுக்கு ஓடாது. பராமரிப்பு வேலைக்காகச் சில மணி நேரம் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே ரயில்களை நிறுத்தி வைப்பதும் ஞாயிறில்தான் அதிகம். இந்த அறிவிப்பு ஓரிரு நாள் முன்னதாகவே செய்தித்தாளில் வந்துவிடும். சனிக்கிழமை மாலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டு, எட்டேகாலுக்குள் நடைமேடையில் இருந்தால் நல்லது. செங்கல்பட்டிலிருந்து நேராகக் கடற்கரை போகும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். தாம்பரம் வரை மட்டும் போகும் வண்டி முதலில் வந்தாலும் விட்டுவிடுங்கள். தாம்பரத்தில் மாறி ஏறுவது என்றால் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும், அத்தையின் முழங்காலை அங்கேயே செலவழித்துவிடக் கூடாது.

டிக்கெட் விலை உங்களுக்குத் தெரிந்ததுதான். கூடுவாஞ்சேரியிலிருந்து எழும்பூருக்கு இரண்டாம் வகுப்பில் ஆளுக்கு 10 ரூபாய். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளைகளுக்கு அரை டிக்கெட், அதாவது 5 ரூபாய். போக வர ரிட்டர்னாகவே எடுத்துவிடுங்கள், திரும்பும்போது எழும்பூர் கவுன்டரில் நிற்க வேண்டாம். மூன்று பெரியவர்களுக்கு 60, இரண்டு பிள்ளைகளுக்கு 20, மொத்தம் 80 ரூபாய். ரயில்ஒன் செயலி இருந்தால் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம்.

வீட்டுக்காரரின் சீசன் ஞாயிறும் செல்லும், ஆனால் கிண்டி வரைதான். அதை நம்பி எழும்பூர் போய் இறங்கினால் குறைந்தது 250 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கட்டணம். அன்றைக்கு அவருக்கும் முழு டிக்கெட்டே எடுத்துவிடுங்கள். இன்னொன்று, 2025 ஏப்ரலிலிருந்து இந்தத் தடத்தில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்ததும் ஏறலாம் என்பார்கள். அதில் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய், சாதா டிக்கெட் அதில் செல்லாது. இந்தப் பட்ஜெட்டுக்கு அது வேண்டாம்.

எழும்பூருக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். இந்த ஒரு மணி நேரத்தை போனில் கரைய விடாதீர்கள். உங்கள் ரயில் போகும் வழி முழுக்க மியூசியத்துக்குச் சொந்தமான கதைகள்தான். வண்டலூர் ஆயிற்று. தாம்பரம் சானடோரியம் வந்தால், 1928-ல் அங்கே காசநோய் மருத்துவமனை வந்ததால்தான் ஸ்டேஷனுக்கே அந்தப் பேர் என்று சொல்லலாம். குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. திரிசூலத்தில் இடது பக்கம் விமான நிலையம், வலது பக்கம் மலை. பையன் எந்தப் பக்கம் உட்காருவான் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் பல்லாவரத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ரயில் அரை நிமிடம்தான் நிற்கும், அதனால் குரோம்பேட்டையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். 1863-ம் ஆண்டு மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில், ராணுவ அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிய ஒரு சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பார்ப்பவர்களுக்கு அது வெறும் கல். அவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு முனை கூர்மையாக, மறுமுனை உள்ளங்கையில் பிடிக்க வாகாக, இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து எடுத்த தடம். இயற்கையாக உடைந்த கல் அப்படி உடையாது. அது ஒரு மனிதன் செய்த கோடரி. இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கான முதல் சான்றாக அந்தக் கல்தான் பேசப்படுகிறது. இமயமலை அடிவாரத்திலோ கங்கைக் கரையிலோ கிடைக்கவில்லை, உங்கள் வீட்டுக்காரர் தினமும் கடந்து போகும் ஸ்டேஷன் பக்கத்தில் கிடைத்தது. பூட் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்த்த கற்கருவிகள் எல்லாம் பின்னர் இந்த மியூசியத்துக்குத்தான் வந்து சேர்ந்தன.

அதுதான் நான் சொல்லும் ஐந்தில் முதலாவது. மானிடவியல் பிரிவில் கற்காலக் கருவிகள் இருக்கும் பெட்டி முன்னால் நின்று, பெண்ணை அவள் உள்ளங்கையை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கல்லை எப்படிப் பிடித்திருப்பார்கள், எதை வெட்டியிருப்பார்கள், எந்த முனை தேய்ந்திருக்கிறது என்று கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சேர்ந்து யோசித்தால் போதும். நான் அழைத்துப் போகும் பிள்ளைகளிடம், காலையில் வரும் வழியில் ஒரு சாதாரண ஜல்லிக்கல்லைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்வேன். பெட்டி முன்னால் அதை எடுத்து, கண்ணாடிக்குள் இருக்கும் கல்லோடு ஒப்பிடுவார்கள். உடைந்த கல்லுக்கும் செதுக்கிய கல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிடித்துவிட்டார்கள் என்றால், பிறகு அவர்களை அந்தக் கூடத்திலிருந்து கிளப்புவதுதான் கஷ்டம்.

எழும்பூரில் இறங்கியதும் ஒரு குழப்பம் வரும். மின்சார ரயில்கள் நிற்கும் நடைமேடைகள் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கின்றன. நீங்கள் வெளியே வரவேண்டியது எதிர்ப்பக்கம், பழைய சிவப்புக் கட்டடம் இருக்கும் காந்தி இர்வின் சாலைப் பக்கம். நடை மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். ஸ்டேஷனில் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்போது வழிகள் மாறலாம். கூட்டத்தோடு ஓடாமல், கூட்டம் கலைந்த பிறகு அத்தையோடு மெதுவாக வாருங்கள். வெளியே வந்ததும் திரும்பி நின்று அந்தக் கட்டடத்தை ஒரு நிமிடம் பாருங்கள். 1908-ல் திறந்த இதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி இர்வின். மியூசியம் வளாகத்தில் தேசியக் கலைக்கூடம் என்று ஒரு சிவந்த கட்டடம் நிற்கும், அதுவும் அவர் வடிவமைத்ததே, 1909-ல் முடிந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு, ‘ஒரே கை வேலை என்று எதை வைத்துச் சொல்லலாம்?’ என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வளைவுகளையும் கும்மட்டங்களையும் அவர்களே காட்டுவார்கள். (சாலைப் பேரில் இருக்கும் இர்வின் இவர் இல்லை. அவர் காந்தியோடு 1931-ல் ஒப்பந்தம் போட்ட வைஸ்ராய். பெண் கேட்டால் சொல்லத் தோதாக இருக்கும்.)

அங்கிருந்து மியூசியம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நடக்கக் கூடிய தூரம்தான், ஆனால் அத்தைக்கு வேண்டாம். ஆட்டோவுக்குப் போக வர 200 ரூபாய் ஒதுக்கிவிடுங்கள், ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். பாந்தியன் சாலை மியூசியம் என்றால் எல்லோருக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால், வீட்டுக்காரரும் பெண்ணும் நடக்கட்டும், நீங்கள் அத்தையையும் பையனையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போகலாம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதும் படி ஏறுவதும் அத்தைக்கு முடியுமா என்று பார்த்துச் செய்யுங்கள். என்னைக் கேட்டால் இந்த நாளில் காசைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் அந்த ஆட்டோதான். கால் வலியோடு உள்ளே நுழையும் ஒருவருக்காக மற்ற நால்வரும் அவசரப்பட ஆரம்பித்தால் எதையும் பார்க்க முடியாது.

மியூசியம் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை. வெள்ளிக்கிழமை விடுமுறை. குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற தேசிய விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். நீங்கள் ஞாயிறு போவதால் கவலை இல்லை, ஆனால் பள்ளி விடுமுறையில் வேறு நாளுக்கு மாற்றினால் வெள்ளியைத் தவிர்த்துவிடுங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஒன்பது பேரை ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிப் போய், பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றேன். அதில் ஒரு பெரியம்மா அதற்குப் பிறகு சென்னைக்கு வரவே இல்லை. மியூசியத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அதனால்தான் இதை யாரிடமும் இரண்டு முறை சொல்கிறேன்.

நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 15, பிள்ளைகளுக்கு 10 என்றுதான் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. உங்கள் குடும்பத்துக்கு 65 ரூபாய். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, போனில் எடுப்பதைப் பற்றிக் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள். அப்படியே இன்னொன்றும் கேளுங்கள்: “இன்னிக்கு எந்தெந்தக் கட்டடம் திறந்திருக்கு?” பழைய கட்டடங்கள், அவ்வப்போது ஏதாவது ஒன்றில் பராமரிப்பு வேலை நடக்கும். முன்னாலேயே தெரிந்தால் தேவையில்லாத நடை மிச்சம்.

இரண்டாவது, செப்புத் திருமேனிக் கூடம். காலையில் கால் தெம்பாக இருக்கும்போதே அத்தையோடு இங்கே வந்துவிடுங்கள், மேல் தளத்துக்குப் படி ஏற வேண்டும். கற்கருவிகளை அடுத்து வைத்துக்கொள்ளலாம். இந்தக் கூடத்தில் எத்தனையோ சோழர் காலத் திருமேனிகள் உண்டு. உங்கள் குடும்பத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். அத்தை நவகிரகக் கோயில்களுக்குப் போயிருந்தால் திருவெண்காடு புதன் தலம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளிடம் எதையும் சொல்லாதீர்கள். “கையை எண்ணு” என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று வரும். தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணுவார்கள், மறுபடியும் மூன்றுதான். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் உமைக்கு ஒன்று. அப்புறம் வலப்பக்கத்து ஆடை எங்கே முடிகிறது, இடப்பக்கத்து ஆடை எங்கே முடிகிறது, இடுப்பு எந்தப் பக்கம் வளைகிறது, தோள் எந்தப் பக்கம் அகலம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நேர் நடுவில் ஒரு கோடு போட்டாற்போல ஆணும் பெண்ணும் பிரிந்திருக்க, உடம்பு மட்டும் ஒரே உடம்பாக வளைந்து நிற்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மெழுகில் உருவம் பிடித்து, மேலே களிமண் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் உருவம் வெளியே வரும், ஆக அந்த அச்சு இன்னொரு முறைக்கு உதவாது. ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். பெண் நோட்டும் பென்சிலும் எடுத்து வந்திருந்தால் இங்கே உட்கார்ந்து வரையட்டும், இருபது நிமிடம் கொடுங்கள்.

அவள் வரையும்போது நீங்கள் திருவாலங்காட்டு நடராசரைப் பாருங்கள். மூன்றாவது அதுதான், பெரியவர்களுக்கானது. திருவாலங்காடு அரக்கோணம் தடத்தில் இருக்கும் ஸ்டேஷன், நடராசர் ஆடியதாகச் சொல்லும் ஐந்து சபைகளில் ரத்தின சபை. இந்த நடராசருக்குச் சுற்றிலும் தீச்சுடர் வளையமான திருவாசி இல்லை, பறக்கும் சடையும் இல்லை, இரண்டுமே கிடைக்கவில்லை. அதனாலேயே உடலின் ஆட்டம் மறைப்பில்லாமல் தெரிகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடான் சென்னைக்கு வந்ததே இல்லை. இந்த மியூசியத்து நடராசரின் புகைப்படங்களைப் பார்த்தே மனம் நெகிழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். நாம் பத்து ரூபாய் ரயிலில் வந்து நேரில் பார்க்கிறோம். அத்தை கைகூப்பினால் கூப்பட்டும், அவசரப்படுத்தாதீர்கள். வடக்குப்பனையூரிலிருந்து வந்த ராமர், சீதை, லட்சுமணர், அனுமன் நால்வரும் இதே மியூசியத்தில்தான் இருக்கிறார்கள், கேட்டு அவருக்குக் காட்டுங்கள்.

பையனுக்குத் திமிங்கலம். விலங்கியல் பிரிவில் 18 மீட்டருக்கு நீளும் எலும்புக்கூடு, மங்களூர்க் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கலத்துடையது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, அவனே ஓடி ஓடி அளந்துகொள்வான். காலடி எத்தனை என்று எண்ணச் சொன்னால் போதும். யானை எலும்புக்கூட்டையும் விட மாட்டான். பசிக்கும் நேரத்துக்கு முன் இந்தப் பக்கம் வைத்துக்கொள்வது நல்லது.

சாப்பாடு வீட்டிலிருந்துதான். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஆளுக்கொரு வாழைப்பழம், தண்ணீர் பாட்டில் மூன்று. வெயில் நாளில் தயிர்சாதத்தில் தயிரைக் குறைத்துப் பாலை அதிகம் விட்டுப் பிசைந்து எடுங்கள், மதியத்துக்குப் புளிக்காது. காட்சிக்கூடங்களுக்குள் எதுவும் சாப்பிடக் கூடாது. வெளியே வளாகத்தில் பெரிய மரங்கள் இருக்கின்றன, எங்கே உட்காரலாம் என்று காவலரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். இலை, கவர் எல்லாவற்றையும் திரும்பக் கட்டி எடுத்து வந்துவிடுங்கள். பெரிய பையாக இல்லாமல் இரண்டு சின்னப் பைகளாகப் பிரித்துக்கொண்டால் தூக்கி நடக்கவும் எளிது. ஒருவேளை காலையில் சமைக்க முடியாமல் போனால், எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேனில் அளவான விலையில் சாப்பாடு கிடைக்கும் சிறிய ஓட்டல்கள் உண்டு. ஆனால் ஐந்து பேருக்கு அது உங்கள் 600-ஐத் தாண்டிவிடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை மர நிழலில் சாய்ந்திருக்கட்டும், துணைக்கு ஒருவர் இருங்கள். மற்றவர்கள் ஐந்தாவதைப் பார்க்கப் போகலாம். அமராவதிச் சிற்பங்கள். ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்தத் தூபியைச் சேர்ந்தவை. 1845-ல் வால்டர் எலியட் தோண்டியெடுத்த கற்களில் ஒரு பங்கு 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறியது, மற்றவற்றில் பல இங்கே இருக்கின்றன. பளிங்கு போலத் தோன்றும், உண்மையில் சுண்ணாம்புக் கல்.

இதில் வட்டமான ஒரு சிற்பத்தைத் தேடுங்கள், யானை இருக்கும். புத்தரைக் கொல்ல நளகிரி என்ற யானையை வீதியில் ஏவிவிட்ட கதை. ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு முறை வருகிறது. ஒரு பக்கம் மதம் பிடித்து ஆட்களைத் தூக்கி அடிக்கிறது, மறுபக்கம் புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. மாடத்திலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள் முகத்தில் பயம், தெருவில் ஒருவரையொருவர் பற்றிக்கொள்ளும் ஆட்கள். ஒருமுறை மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ரெண்டு யானை இல்ல, ஒரே யானைதான். முதல்ல கோபமா இருந்துச்சு, அப்புறம் அழுதுருச்சு” என்றான். கூட வந்த ஆசிரியர்கள் அதுவரை இரண்டு யானை என்றுதான் நினைத்திருந்தார்கள். உங்கள் பெண்ணிடம் இதை நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். “இதில் எத்தனை யானை?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டு என்றால், “நல்லாப் பாரு” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். படக்கதை படித்து வளர்ந்த பிள்ளைகள், பிடித்துவிடுவார்கள்.

இவ்வளவுதான். மூன்று, மூன்றரைக்குக் கிளம்பிவிடுங்கள். பிள்ளைகள் இன்னும் கொஞ்ச நேரம் என்று கேட்டால் சிறுவர் அருங்காட்சியகத்தில் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். கோ-ஆப்டெக்ஸ், போலீஸ் மியூசியம் எல்லாம் இதே பாந்தியன் சாலையில்தான் இருக்கின்றன. ஆனால் அதே நாளில் அவற்றையும் சேர்க்க வேண்டாம், போலீஸ் மியூசியத்தை இன்னொரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்காரரும் பையனும் ரசிப்பார்கள்.

கணக்கு பார்த்துவிடலாம். ரயில் 80, நுழைவு 65, ஆட்டோ 200, ஆக 345. டீ, சுண்டல், பிள்ளைகளுக்கு ஐஸ் என்று நூறு ரூபாய். 445. மீதி 155 கையில் இருக்கும். அதில் நூறு ரூபாயைக் காலையிலேயே பெண்ணிடம் கொடுத்து, “இன்னிக்கு நீதான் கேஷியர், ஐஸா வேறயான்னு நீயும் தம்பியும் முடிவு பண்ணுங்க” என்று சொல்லிப் பாருங்கள். மாலில் பத்து தடவை கேட்ட பிள்ளைகள், கையில் நூறு ரூபாய் இருக்கும்போது ஒரு ஐஸுக்கு எவ்வளவு யோசிக்கிறார்கள் என்று பார்ப்பீர்கள்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், கட்டடத்துக்குக் கட்டடம் நனைந்து ஓட வேண்டியிருக்கும். ஜனவரி, பிப்ரவரி ஞாயிறுகள்தான் நல்லது. காணும் பொங்கலை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள், கூட்டம் தாங்காது. அத்தையின் மாத்திரை, ஒரு தலைவலித் தைலம், பையனுக்கு மாற்றுச் சட்டை ஒன்று எடுத்து வையுங்கள்.

திரும்பும்போது பையன் தூங்கிவிடுவான். பெண்ணை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். பல்லாவரம் வந்தால் அவளே சொல்வாள். வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு மிச்சமிருக்கும் கேள்விகளை அவள் கையெழுத்திலேயே எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூன்று கை ஓவியத்தையும் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. அவளுக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.